ஞானப்பல் கழட்டப் போறவங்களுக்கும், பயந்து வெச்சிருக்கிறவங்களுக்கும்



போன கிழமை எங்கட ஸ்டாஃப் ரூமில் ஒரு இளம் டீச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழ்க் கடைசிப் பல். வாய் சரியாகத் திறக்க முடியவில்லை. இடைவேளை மணி அடிப்பதற்குள் அவருக்கு ஐந்து ஆலோசனை கிடைத்துவிட்டது.

"நாலையும் ஒரேயடியா கழட்டிருங்க, நிம்மதி."
"வேணாம் புள்ள, மேல் பல்லைத் தொட்டா கண் பார்வை போயிரும்."
"பாமசியில சொன்னா கெப்சியுல் தருவாங்க, மூணு நாள் போடுங்க, சரியாகிரும்."
"கராம்பு எண்ணெய் வைங்க."
"எங்கட மாமிக்குக் கழட்டித்தான் உதடு மரத்துப் போச்சு, கை வெச்சிராதீங்க."

பாவம், அந்தப் பிள்ளை வந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு ஏழாம் பாடத்துக்குப் போனார். அன்று இரவு வட்ஸ்அப்பில் அவருக்கு நான் எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பல்லோடு மல்லுக்கட்டிய ஒரு டீச்சர், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் இந்தப் பல்லைப் பற்றி இருக்கிற இரண்டு கட்சியும் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. "எல்லாத்தையும் பிடுங்கு" என்பதும் பிழை. "ஒன்றையும் தொடாதே" என்பதும் பிழை.

முதலில் என் கதை.

எனக்கு அப்போது 31 வயது. இடது கீழ் ஞானப்பல் பாதி வெளியே வந்து, பாதி முரசுக்குள் இருந்தது. அந்த முரசுத் தோலுக்கு அடியில் சாப்பாடு போய் அடைபட்டு, வருடத்தில் இரண்டு தடவை வீங்கும். மூன்றாவது தடவை வீங்கியபோது ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். பார்த்தவுடன் "நாலையும் எடுத்திரலாம், ரெண்டு தடவையில முடிச்சிரலாம்" என்றார்கள். விலையும் சொன்னார்கள். "மற்ற மூன்றிலும் எனக்கு ஒரு நோவும் இல்லையே, ஏன்?" என்று கேட்டேன். "பின்னுக்குப் பிரச்சினை வரலாம்" என்பதுதான் பதில். முழுத் தாடை எக்ஸ்ரே ஒன்றுகூட எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். "ஒரு வீடு வாங்கப் போனாலும் ரெண்டு பேரிட்ட கேக்கிறோம். பல்லுக்குக் கேக்கக்கூடாதா?" என்றார். அந்த வார்த்தை என்னை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போனது.

அங்கே இருந்த வாய், முக, தாடை சத்திர சிகிச்சை டொக்டர் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே அது. அதை வெளிச்சத்தில் பிடித்து, கீழ்த் தாடை எலும்புக்குள் ஓடும் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளைக் காட்டினார். அதற்கு நடுவில்தான் கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு ஓடுகிறது. என் இடது பல்லின் வேர் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. வலது கீழ்ப்பல் எலும்புக்குள் முழுதாகப் புதைந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் படுத்திருந்தது. மேல் இரண்டும் நேராக முளைத்து, பிரஷ் போகக்கூடிய இடத்தில் இருந்தன.

அவர் சொன்னது இதுதான்: "இடது பல் மூன்று தடவை வீங்கிட்டு. அதை விட்டா திரும்பவும் வீங்கும். அதை எடுக்கிறது நியாயம். மற்ற மூணையும் இப்ப எடுக்க எனக்குக் காரணம் தெரியல. வருசத்துக்கு ஒருக்கா பாப்பம். ஆனா இடது பல்லை எடுக்கேக்க நரம்பு கொஞ்சம் நசியலாம். உதடு மரக்கலாம். அனேகமா திரும்பி வரும். வராமலும் போகலாம், அது மிகச் சிலருக்கு. நீங்க டீச்சர், வாய்தான் உங்கட தொழில். யோசிச்சிட்டு வாங்க."

இரண்டு கிழமை யோசித்தேன். வீட்டில் மஷூரா செய்தோம். இஸ்திகாராவும் தொழுதேன். பிறகு இடது பல்லை மட்டும் எடுத்தேன்.

சொன்னது போலவே உதடு மரத்தது. இடது பக்கக் கீழ் உதடும் நாடியும் பதினொரு கிழமை எனக்குச் சொந்தமில்லாதது போல் இருந்தன. தேத்தண்ணி நாடியில் வழிவது தெரியாது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைக்கும்போது என் வார்த்தை சரியாகத்தான் வந்தது, ஆனால் எனக்கு அப்படித் தோன்றாது. ஒரு நாள் முன்வரிசையில் இருந்த மகன் ஒருவர், "டீச்சர், வாயில சோறு ஒட்டியிருக்கு" என்றார். அன்று ஸ்டாஃப் ரூமில் போய் அழுதேன். பிறகு எறும்பு ஊர்வது போல் உணர்ச்சி மெதுவாகத் திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று முழுமையாகச் சரி.

"அப்ப கழட்டாம இருந்திருக்கலாமே?" என்று பலர் கேட்டார்கள். இல்லை. இப்போது கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன். ஏனென்றால் கழட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன்.

என் சாச்சா ஒருவருக்குச் சீனி வருத்தம். அவருக்கும் இதே மாதிரிப் பல். எட்டு வருடம் வீங்கும்போதெல்லாம் பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்தார். கதிரையைக் கண்டால் பயம், கண் பார்வை போய்விடும் என்ற கதையும் காதில் விழுந்திருந்தது. ஒரு நாள் இரவு தாடைக்குக் கீழே கழுத்து வீங்கியது. உமிழ்நீர் விழுங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுபஹுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கழுத்தை வெட்டிச் சீழ் எடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் வைத்திருந்தார்கள். கடைசியில் அந்தப் பல்லையும் எடுக்கத்தான் செய்தார்கள். நாற்பதுகளில் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, 54 வயதில் உயிரோடு விளையாடியது.

ஆகவே எனக்குப் புரிந்தது இது: கழட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது, விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. ஆபத்து இல்லாத வழி என்று ஒன்று இல்லை. இந்த வாயில், இந்த வயதில், இந்தப் பல்லுக்கு எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாமிக்கு நடந்ததும் மச்சானுக்கு நடந்ததும் அவரவர் எக்ஸ்ரேயில் இருந்த கதை.

கழட்டுவதில் உள்ள ஆபத்துகளைச் சொல்கிறேன்.

நோவும் வீக்கமும் எல்லோருக்கும் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சம். பிறகு இறங்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால் அது சரியில்லை, திரும்பப் போக வேண்டும்.

குழியில் உறைந்த இரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிவது இன்னொன்று. காது வரைக்கும் இழுக்கும் நோவு அது. சாதாரணப் பல் கழட்டும்போது நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்கு வரும். கீழ் ஞானப்பல்லில் அதைவிட அதிகம். சிகரெட் குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

உதடு, நாடி, நாக்கு மரப்பது அடுத்தது. தற்காலிகமாக நூற்றில் சிலருக்கு வரும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வேர் நரம்போடு ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். அப்படிப்பட்டவர்களுக்குப் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேரை எலும்பிலேயே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

மேல் ஞானப்பல்லின் வேர் கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்குப் பக்கத்தில் இருக்கும். எடுக்கும்போது சில வேளை இரண்டுக்கும் இடையில் துவாரம் விழலாம். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல் கழட்டுவதால் கண் பார்வை போவதில்லை. உண்மையில், மேல் பல்லில் சீழ் வைத்து அதைக் கவனிக்காமல் விட்டால்தான், மிக அரிதாக, அது கண் பக்கம் பரவும். பயம் தலைகீழாக இருக்கிறது.

இனி விடுவதில் உள்ள ஆபத்துகள். பாதி முளைத்த பல்லைச் சுற்றி முரசு திரும்பத் திரும்பப் பழுக்கலாம். சாய்ந்து கிடக்கும் பல், முன்னால் இருக்கும் நல்ல கடவாய்ப் பல்லின் பின்பக்கத்தைச் சொத்தையாக்கலாம். கண்ணாடியில் தெரியாது, நோவு வரும்போது நல்ல பல்லும் கையை விட்டுப் போயிருக்கும். அரிதாக, புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வந்து தாடை எலும்பைத் தின்னும். அதுவும் நோவில்லாமல்தான் வளரும்.

நோவே இல்லாத பல்லை என்ன செய்வது? உலகத்தில் டொக்டர்மாரே இதில் ஒரு கருத்தில் இல்லை. அமெரிக்காவில் இளம் வயதிலேயே எடுத்துவிடும் வழக்கம் அதிகம். பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டு 'நைஸ்' என்ற அவர்களின் வழிகாட்டல் நிறுவனம், நோயில்லாத புதைந்த ஞானப்பல்லை முற்காப்பாக எடுக்க வேண்டாம் என்று சொன்னது. முரசு பழுத்தது இரண்டாவது தடவை என்றால், அல்லது முதல் தடவையே கடுமையாக இருந்தால், எடுக்கலாம் என்றது. அதனால் ஆயிரக்கணக்கானோர் தேவையில்லாத சத்திர சிகிச்சையிலிருந்து தப்பினார்கள். ஆனால் பின்னாட்களில் வயது கூடியவர்கள், பக்கத்துப் பல்லும் சொத்தையாகி வருவது அதிகரித்தது என்றும் அங்குள்ள பல் டொக்டர்மார் விமர்சித்தார்கள். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் 'கொக்ரேன்' அமைப்பு 2020இல் சொன்னதும், நோயில்லாத பல்லை எடுப்பதா விடுவதா என்று தீர்ப்புச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்: நோயில்லாத பல்லை விடலாம், ஆனால் மறக்கக்கூடாது. "விடுவது" என்றால் வருடத்துக்கு ஒரு தடவை காட்டுவது. நம்மவர்கள் "விடுவது" என்றால் அடுத்த நோவு வரைக்கும் மறந்துவிடுவது என்று விளங்கிக்கொள்கிறோம். சாச்சாவுக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு கதை: "முன் பல்லு நெருங்கி வளையுது, ஞானப்பல் தள்ளுது, எடுங்க" என்பது. முன் பற்கள் நெருங்குவதற்கு ஞானப்பல்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மகளின் நான்கு பல்லையும் எடுக்கச் சொன்னால் இன்னொரு டொக்டரிடம் கேளுங்கள்.

வயதும் முக்கியம். இருபதுகளின் தொடக்கத்தில் எலும்பு இளகியிருக்கும், வேர் முழுதாக வளர்ந்திருக்காது, காயம் சீக்கிரம் ஆறும். முப்பது தாண்டத் தாண்டச் சிக்கல் கூடும். அதனால் எடுக்க நியாயம் இருக்கும் பல்லைத் தள்ளிப் போடாதீர்கள். உயர்தரப் பரீட்சை முடித்து, கெம்பஸ் தொடங்கும் வரை நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். ஏற்கனவே தொந்தரவு தந்த பல் என்றால் அதைவிட நல்ல காலம் கிடைக்காது.

காலம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆசிரியர்களில் பலர் "நோன்பு லீவுல கழட்டுவம்" என்று தள்ளி வைக்கிறார்கள். லீவு இருக்கிறது, உண்மை. ஆனால் கழட்டிய பிறகு இரத்தம் கசியும், நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். நோன்பின் சட்டத்தை மௌலவிமாரிடம் கேளுங்கள். என் கருத்து, அவசரமில்லாத பல்லை நோன்புக்கு முன்னாலோ பெருநாளுக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். அவசரமான பல்லுக்கு நோன்பைக் காரணம் காட்டித் தள்ளிப் போடாதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நாம் மறுக்கத் தேவையில்லை.

கதிரையில் உட்காருவதற்கு முன்னால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். வெட்கமில்லை.

1. இந்தப் பல்லை எடுக்க என்ன காரணம்? இப்போது நோய் இருக்கிறதா, பின்னால் வரலாம் என்பதா?
2. எக்ஸ்ரேயில் வேர் நரம்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது? எனக்குக் காட்டுவீர்களா?
3. எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும்? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்?
4. நீங்களே எடுப்பீர்களா, தாடைச் சத்திர சிகிச்சை நிபுணரிடம் அனுப்ப வேண்டியதா?
5. எடுத்த பிறகு இரவில் இரத்தம் நிற்காவிட்டால் எங்கே வர வேண்டும்?

இந்த ஐந்துக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் வாயைத் திறங்கள்.

அதேபோல் நாமும் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. சீனி வருத்தம் இருந்தால் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், இருதய டொக்டரும் பல் டொக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். இருதய வால்வில் பிரச்சினை இருந்தால், கர்ப்பமாக இருந்தால், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை போட்டால் சொல்லுங்கள். எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்று என்று மாத்திரை போடும் உம்மாமார் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை போடும் சிலருக்குப் பல் எடுத்த இடத்து எலும்பு ஆறாமல் போகலாம்.

எடுத்த பிறகு: பஞ்சை அரை மணித்தியாலம் கடித்துப் பிடியுங்கள். முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், ஸ்ட்ரோவில் உறிஞ்சாதீர்கள், சுடச்சுடத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். வுழூ செய்யும்போதும் அந்த ஒரு நாள் மெதுவாக. அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர். சிகரெட், வெற்றிலை இரண்டையும் தூக்கிப் போடுங்கள். ஒரு கிழமைக்கு என்று தொடங்குங்கள், முடிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

வெற்றிலை என்றதும் நிறுத்திச் சொல்கிறேன். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கும் புகையிலையும் போடும் ஒருவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போனால், ஆறாத புண் இருந்தால், "ஞானப்பல்லா இருக்கும்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று கிழமை ஆறாத எந்தப் புண்ணையும் காட்டுங்கள்.

பாமசிக்குச் செல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த கெப்சியுல் வீக்கத்தை அமர்த்தும். பல்லை நகர்த்தாது, முரசுக்கு அடியில் அடைந்த சாப்பாட்டை எடுக்காது. காரணம் அங்கேயே இருக்கும். டொக்டரிடம் கேட்காமல் நாமே வாங்கிப் போடும் பழக்கத்தால் கிருமிதான் பலம் பெறுகிறது. டொக்டர் எழுதித் தந்தால் போடுங்கள், முழுதாகப் போடுங்கள்.

கழுத்து வீங்கினால், விழுங்க முடியாவிட்டால், நாக்கு மேலே தூக்கினால், மூச்சு முட்டினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி. வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய இலவசமாக வரும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இலவசம். பெரிய வைத்தியசாலைகளில் தாடைச் சத்திர சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. பேராதனையில் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. வரிசை நீளம், தேதி கிடைக்கச் சுணங்கும், உண்மைதான். அதனால்தான் வீங்கி அழும் நாளில் போகாமல், நோவில்லாத நாளில் போய்ப் பெயர் பதியுங்கள் என்கிறேன்.

கடைசியாக, பெண் பிள்ளைகள் விடயம். மகளுக்குப் பல் நோகிறது என்றால் "கலியாணம் முடியட்டும்", "பிள்ளை பிறக்கட்டும்" என்று தள்ளுகிறோம். கர்ப்பமான பிறகு முரசு இன்னும் வீங்கும், எக்ஸ்ரேக்கும் மாத்திரைக்கும் யோசிக்க வேண்டி வரும். காட்ட வேண்டியதை முதலே காட்டுங்கள். முடிவையும் அவளிடம் கேட்டு எடுங்கள். மரத்துப் போனால் அது அவளுடைய உதடு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எக்ஸ்ரே எடுப்பது, கேள்வி கேட்பது, இன்னொருவரிடம் விசாரிப்பது, இவைதான் கயிறு. அதைச் செய்துவிட்டு முடிவெடுத்தால், நல்லபடி முடிந்தாலும் மரத்துப் போனாலும் மனதில் கசப்பு இருக்காது. பதினொரு கிழமையும் என்னைத் தாங்கியது, "அந்த டொக்டர் இதை எனக்கு முதலே சொன்னார், நான்தான் சரி என்றேன்" என்ற நினைப்புத்தான்.

ஸ்டாஃப் ரூம் டீச்சருக்கு நேற்று எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ஒரு பல்லை எடுக்க வேண்டுமாம், மூன்றை விடலாமாம். நாக்கு நரம்பைப் பற்றியும் கேட்டாராம். டொக்டர் சிரித்துவிட்டு, "யாரு உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?" என்றாராம்.

உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நல்லபடி முடிந்ததையும் எழுதுங்கள், பயமுறுத்தும் கதைகள் நமக்குப் போதுமான அளவு இருக்கின்றன. நம் அனைவருக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.